சோளகத்தில் காயும் படம்

ஆடி மாதத்தில் பண்ணைப் பாலத்தருகே ஈஸலை விரித்தால் கேன்வாஸில் முதலில் ஒட்டுவது மணல்தான். யாழ்ப்பாணத்தில் சோளகம் என்கிற தென்மேல் காற்று, ஈரமாக இருக்கும் எண்ணெய் வண்ணத்தின்மேல் பொடிமணலைத் தூவிவிட்டுப் போகும். பேலட் கத்தியின் நுனியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தால் எடுத்த இடமெல்லாம் குழி விழும். ஒரு படத்தில் எடுக்காமலே விட்டுவிட்டேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்த மணல் வானத்தில் இன்னும் மினுங்குகிறது.

இதே காற்று சென்னையில் ஆடிக்காற்று. அங்கே நிலத்தைக் கடந்து வருவதால் ஈரம் வற்றி, சூடாக வரும். பழவேற்காட்டில் காலையில் தீட்டிய மெல்லிய பூச்சு மூன்றாம் நாள் விரலில் ஒட்டாது. ஐப்பசி மழையில் அதே பூச்சு ஒரு வாரம் கழித்தும் பிசுபிசுக்கும். கேன்வாஸின் பின்புறம் பூஞ்சை பூக்கும். எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகுகிறது. சூடு அதை விரட்டும், ஈரம் இழுத்துப் பிடிக்கும். அம்பர் பழுப்பு சீக்கிரம் காயும். டைட்டானியம் வெள்ளையும் கேட்மியம் சிவப்பும் நாள்கணக்கில் காக்கவைக்கும். ஆகவே வெளியில் அமர்ந்து அடுக்கடுக்காகத் தீட்டுகிறவர், முன்பு இருந்த இடத்துக்கே, அதே நேரத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இலங்கை, இந்தியா இரு நாடுகளிலும் வேலை செய்து பார்த்ததில், வேறுபாடு இந்தத் திரும்பிப் போவதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இரண்டு நாடுகளையும் எண்ணெய் வண்ணத்தில் வெளியில் அமர்ந்து தீட்டியவர்களில் மரியான் நோர்த் என்ற ஆங்கிலப் பெண்மணி முக்கியமானவர். 1877 தொடக்கத்தில் களுத்துறையில், புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோனின் வீட்டில் தங்கித் தீட்டினார். அந்த ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து 1879 வரை சுற்றினார். லண்டன் கியூ தோட்டத்தில் 1882இல் திறந்த அவருடைய காட்சிக்கூடத்தில் 800க்கும் மேற்பட்ட படங்கள் நெருக்கியடித்துத் தொங்குகின்றன. வேகமாகத் தீட்டுகிறவர், வழிப்போக்கர். ஒரு மரம் பூக்காத காலத்தில் எப்படி நிற்கும் என்பதைத் தெரிந்துகொள்ள அவருக்கு நேரமிருக்கவில்லை.

தெரிந்துகொண்டவர் பெங்களூரின் ருமாலெ சென்னபசவய்யா (1910–1988). சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர், அரசியலில் இருந்தவர். பிறகு தூரிகையோடு தெருவுக்கு வந்தார். ஆண்டு முழுவதும் ஏதாவதொரு மரம் பூத்திருக்கும்படி அந்த நகரில் மரம் நடத் திட்டமிட்டவர் லால்பாக் பூங்காவைப் பார்த்துக்கொண்ட கிரும்பிகல் என்ற ஜெர்மானியர். ருமாலெயின் கேன்வாஸ்கள் அந்த வரிசைக்கு எழுதிய பஞ்சாங்கம். ஜக்கரண்டாவின் ஊதா உதிர்ந்தால் குல்மோகரின் சிவப்பு. அவர் நகரத்தைவிட்டு நகரத் தேவையில்லை. காத்திருந்தால் பருவம் அவரிடம் வந்துவிடும்.

இலங்கையில் காத்திருக்க வேண்டியதில்லை, பஸ் ஏறினால் போதும். வடக்கு தெற்காகச் சுமார் 430 கிலோமீட்டர்தான் தீவு. மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழை இரத்தினபுரியை நனைத்துக்கொண்டிருக்கும்போது மலைக்கு அந்தப் பக்கம் பதுளையில் வெயில். மலை இறங்கிய காற்று, மட்டக்களப்புக்குப் போகும்போது கச்சானாகக் கொதிக்கும். ஹப்புத்தளை முகட்டில் நின்றால் இடக்கைப் பக்கம் மூடுபனியும் வலக்கைப் பக்கம் பளிச்சென்ற தேயிலைச் சரிவும் ஒரே கேன்வாஸில் கிடைக்கும். ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலத்தில் தீட்டுகிற நண்பர்கள் இது தங்களுக்கும் உண்டென்பார்கள். உண்மைதான். ஆனால் சென்னையில் இருக்கிறவருக்கு அது ஓர் இரவுப் பயணம். பண்டாரவளைக்காரருக்குப் பக்கத்து ஊர்.

வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சித்திரைப் புத்தாண்டையொட்டி யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பத்து நாள் கழித்துச் சென்னையில். ஈஸலின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும், வெண்மணலில் நிறமே மிஞ்சாது. இரண்டு ஊரிலும் ஒன்பது மணிக்குள் தீட்டி முடிக்க வேண்டும்.

இவ்வளவு வசதியான தீவில் வெளியில் தீட்டும் மரபு ஏன் பெரிதாக வளரவில்லை? 1943இல் கொழும்பில் கூடிய 43 குழு ஓவியர்களில் ஐவன் பீரிஸ் கடலோரங்களைத் தீட்டியே பேர் பெற்றவர். ஆனால் 1953இல் இங்கிலாந்து போனபின் அந்தக் கரைகளை நினைவிலிருந்துதான் எடுத்தார். சென்னையிலும் இது நடந்தது. கேரளத்து நிலக்காட்சிகளில் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சோழமண்டலத்தை நிறுவும்போது குறியீடுகளுக்குள் போய்விட்டிருந்தார். பணிக்கர் விரும்பி உள்ளே போனார். எங்களை உள்ளே தள்ளியது போர்.

1938இல் எஸ்.ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கியபோது யாரிடமும் அனுமதி கேட்டுக் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. நான் மாணவனாக இருந்த தொண்ணூறுகளில் பாலத்தைக் கீறினால், அதாவது வரைந்தால், அது உளவு வரைபடமாகிவிடும். எங்கள் ஆசிரியர் சைக்கிளில் போகும்போதே பார்த்து வைக்கவும், வீட்டுக்கு வந்து கீறவும் பழக்கினார். கண்ணுக்கு அது நல்ல பயிற்சிதான். ஆனால் அப்படிக் கீறிய வானம் எப்போதும் ஒரே நீலம். மூன்று நாள் தொடர்ந்து ஓரிடத்துக்குப் போகலாம் என்ற உறுதி இல்லாத ஊரில் எண்ணெய் வண்ணம் வளராது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இப்போது போக முடிகிறது. சென்னையில், தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பவர்கள் "என்ன சார் வரையறீங்க, எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்பார்கள். பண்ணையில் "என்ன தம்பி கீறுறீங்கள்?" என்பதோடு சரி, பேசாமல் பக்கத்தில் குந்திவிடுவார்கள். போன ஆடியில் மூன்றாம் நாள் நான் போனபோது, முதல் நாள் கீறி வைத்திருந்த நீல வள்ளம் கரையில் இல்லை. நிழல் பாதியில் நின்றது. வலை தைத்துக்கொண்டிருந்த முதியவர் எழுந்து வந்து, படத்தையும் கடலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உது எங்கடை வள்ளமெல்லோ? மகன் தொழிலுக்குக் கொண்டு போட்டான். நாளைக்கு விடிய இதிலையே கட்டிவிடச் சொல்லுறன், வாங்கோ."