தோல்பாவைக்கூத்தின் தமிழ்: பதிப்பும் பெயர்ப்பும்

ஐரோப்பிய நூற்பாவை அரங்கு பழங்கதையைப் பார்ப்போரின் மொழிக்குக் கொண்டுவந்தது. எஸ்டெர்ஹாசா அரண்மனைப் பாவை அரங்கிற்கென 1773இல் ஹைடன் இசையமைத்த ‘பிலெமோனும் பௌகிஸும்’ உரோமக் கவிஞர் ஓவிட் கூறிய கதையாயினும் செருமன் மொழியிலேயே நிகழ்ந்தது. அங்கு மாந்தர் நடித்த இசைநாடகங்களோ பெரும்பாலும் இத்தாலிய மொழியின. கேரளத் தோல்பாவைக்கூத்து இதற்கு மறுதலை. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டப் பத்திரகாளி கோயில்களில், மலையாளம் பேசும் புலவர்கள் கம்பராமாயணச் செய்யுட்களைத் தமிழிலேயே பாடி, மலையாளம் விரவிய தமிழில் உரை விரிக்கின்றனர். (கூத்துமாடத்தின் முன் பல இரவுகளில் கேட்போர் எவரும் இரார், கேட்பவள் தேவியே என்பது மரபு.)

இக்கூத்தின் பாடத்தைக் கம்பன் பதிப்புகளோடு ஒத்துநோக்கி, வேறுபடும் இடங்களையெல்லாம் சிதைவு எனக் கொள்வது பொருந்தாது. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் இலக்குவனால் மாளும் நிகழ்ச்சி கம்பனில் இல்லை, கூத்தில் உண்டு. புலவர் மரபில் ‘ஆடல்பற்று’ எனப்படும் இப்பாடம் தனக்கென ஒரு கட்டுக்கோப்பு உடையது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட நூல் செய்யுளோடு நில்லாமல் உரைக்கும் உரிய இடம் தந்தது. அதன் சிறப்பு அதுவே. எனினும் செய்யுளின் தமிழுக்கும் உரையின் கலப்பு மொழிக்கும் உள்ள தொலைவு ஆங்கிலத்தில் மறைந்துபோவது தவிர்க்க இயலாதது.

மொழியியலார்க்கு அத்தொலைவே முதன்மையான சான்று. தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ எனத் திணை பால் காட்டும் வினைமுற்று மலையாளத்தில் ‘வந்நு’ என ஈறின்றி நிற்கும். உரைகாரர் எவ்விடத்தில் ஈற்றைப் பேணுகிறார், எவ்விடத்தில் விடுகிறார் என்பது ஒலிப்பதிவை உள்ளவாறே எழுத்துப்படுத்தினாலன்றிப் புலப்படாது. தூய தமிழாக்கித் தரும் பதிப்பு, படிப்பதற்கு எளிதாயினும், ஆய்வுக்குப் பயன்படாது.

திருவனந்தபுரத்தை அடுத்து, 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த குமரிப் பகுதியின் பாவைக்கூத்து இங்கு ஒப்பிடத்தக்கது. அக்கலைஞர்களின் வீட்டுமொழி மராத்தி. இராமன் கதையை நிகழ்த்துவதோ தமிழில். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் பேசுவது தெருவில் வழங்கும் தமிழ். ஹைடனின் பாவைகளைப் போலவே இவையும் பார்ப்போர் மொழியை நாடின. பாலக்காட்டுப் புலவர்களோ செய்யுளின் மொழியைக் கைவிடவில்லை.

மலையாளத்திற்குப் பெயர்ப்போர்க்கு இடர் இன்னும் மிகுதி. உரையின் ஒரு பகுதி முன்னரே மலையாளமாக உள்ளது; அதனைப் பெயர்க்காது விட்டால் எஞ்சியதும் அதனோடு கலந்து ஒரே மொழியாய்த் தோன்றும். இரண்டையும் வேறு எழுத்துருக்களில் அச்சிடுவதே இப்போதைக்கு இயலக்கூடிய வழி.