தலைக்கோலும் மாலையின் விலையும்

சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையைப் படித்தவர்களுக்கு ஒரு செய்தி நினைவிருக்கும். மாதவியின் ஆடலைக் கண்ட சோழ மன்னன் தன் மாலையை அவளுக்கு அளிக்கிறான். தலைக்கோல் பட்டமும், முறைப்படி உரிய 1008 கழஞ்சு பொன்னும் அவளுக்குக் கிடைக்கின்றன. இது கலைக்குக் கிடைத்த மரியாதை. அடுத்து என்ன நடக்கிறது? அந்த மாலையை ஒரு கூனி கையிலே ஏந்திக்கொண்டு, நகரத்துச் செல்வர்கள் நடமாடும் தெருவிலே நின்று விலை கூறுகிறாள். விலையும் அதே 1008 கழஞ்சுதான்! கோவலன் வாங்குகிறான். அரசவையில் பரிசாக இருந்த தொகை, கடைத்தெருவில் விலையாகிவிட்டது. நாற்பது வருஷமாகத் தராசு பிடித்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன், பரிசுக்கும் சந்தைக்கும் உள்ள உறவை இளங்கோவடிகளைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இந்த உறவை இன்று கண்கூடாகப் பார்க்க வேண்டுமானால் நியூயார்க் நகரத்துப் பிராட்வே நாடக அரங்குகளைப் பார்க்கலாம். அங்கே 1947 முதல் டோனி விருது வழங்கப்படுகிறது. மே மாதவாக்கில் பரிந்துரைப் பட்டியல் வரும், ஜூன் மாதம் விருது விழா. இடைப்பட்ட நாட்களில் இசை நாடக ரசிகர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடக்கும். எது சிறந்த இசை நாடகமாகும், எது வெளியூர்களில் ஓடும் என்று ஆளுக்கு ஆள் கணிப்புச் சொல்லுவார்கள். நம்மவர்கள் தேர்தல் சமயத்தில் தொகுதி வாரியாகக் கணக்குப் போடுவதில்லையா, அதே சுவாரஸ்யம்தான்.

இந்த இரண்டு கேள்விகளும் ஏன் ஒன்றாகப் பின்னிக்கொண்டன? காரணம் உண்டு. விருதுக்கு வாக்களிப்பவர்கள் சுமார் 800 பேர். பெரும்பாலோர் நாடகத் தொழிலைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வெளியூர் அரங்குகளை நடத்துகிறவர்கள். அவர்கள் வருஷ சந்தா வாங்கி, ஆறேழு நாடகங்களை ஒரு தொகுப்பாகத் தங்கள் ஊர் மக்களுக்கு விற்கிறவர்கள். "சிறந்த இசை நாடகம்" என்ற முத்திரை விழுந்தால் சந்தா விற்பது சுலபம். ஆக, சரக்கை எடை போடுகிறவரும் அதைக் கொள்முதல் செய்கிறவரும் ஓரளவு ஒருவரே. சோழ மன்னன் மாலை வியாபாரம் செய்யவில்லை. இங்கே அந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது.

"பாட்டெல்லாம் அருமையா இருக்கு, ஆனா வெளியூர்ல எடுபடாது, அதனால ஓட்டு விழாது" என்று ரசிகர்கள் பேசுவது இதனால்தான். இந்தக் கணக்கு சரிதானா? நடந்ததைப் பார்ப்போம்.

2004ஆம் வருஷப் போட்டி இன்றும் பேசப்படுகிறது. ஒரு பக்கம் 'விக்கெட்'. பெரிய அரங்கு, பிரம்மாண்டமான காட்சியமைப்பு, 10 பரிந்துரைகள். இன்னொரு பக்கம் 'அவென்யூ க்யூ'. பொம்மைகளைக் கையிலே வைத்துக்கொண்டு, வேலையில்லாத இளைஞர்களின் கவலைகளைக் கேலியாகப் பாடும் சின்ன நாடகம். கணிப்பாளர்களில் பெரும்பாலோர் 'விக்கெட்' என்றார்கள். வென்றது 'அவென்யூ க்யூ'. இசை, வசனம் இரண்டுக்கும் சேர்த்து மூன்று விருதுகள். பிறகுதான் வேடிக்கை. ஊர் ஊராகப் போகாமல், லாஸ் வேகாஸ் நகரில் ஒரே இடத்தில் நிலையாக நடத்தப் போவதாக அதன் தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். நாடகம் தங்கள் ஊருக்கு வரும் என்று நம்பி வாக்களித்த வெளியூர் அரங்கக்காரர்களுக்கு ஒரே கோபம். 2005 செப்டம்பரில் அங்கே தொடங்கிய நாடகம் 2006 மே மாதம் மூடப்பட்டது. 2007ல்தான் அது ஊர் சுற்றப் புறப்பட்டது. தோற்றுப்போன 'விக்கெட்' 2005லேயே ஊர் ஊராகக் கிளம்பி, உலகெங்கும் போய், 2024லும் 2025லும் இரண்டு பாகத் திரைப்படமாகவும் வந்துவிட்டது.

என் மதிப்பீட்டில் வாக்காளர்கள் செய்தது நியாயம். எடுத்துக்கொண்ட சின்ன விஷயத்தைக் குறையில்லாமல் செய்து முடித்தது 'அவென்யூ க்யூ'. 'விக்கெட்' கதை பல இடங்களில் கனம் தாங்காமல் தடுமாறுகிறது. ஆனால் இரண்டு பெண்களின் நட்பு என்ற அதன் மையம் எந்த ஊருக்கும் புரியும். தகுதி வேறு, வீச்சு வேறு. இரண்டையும் ஒரே படியால் அளக்க முடியாது.

பிற்காலத்திலும் இதே பாடம்தான். 2015ல் வென்ற 'ஃபன் ஹோம்' நான்கு பக்கமும் பார்வையாளர் சூழ நடந்த நாடகம். வெளியூர் மேடைக்கு ஒத்து வராது என்றார்கள். மேடையை மாற்றியமைத்து 2016ல் புறப்பட்டது. 2022ல் வென்ற 'எ ஸ்ட்ரேஞ்ச் லூப்' 2023 ஜனவரியிலேயே பிராட்வேயில் முடிந்துவிட்டது. அதனிடம் தோற்ற 'சிக்ஸ்', 'எம்ஜே' இரண்டும் ஊர் ஊராக ஓடின. 2025ல் வென்ற 'மேபி ஹேப்பி எண்டிங்' 2016ல் தென்கொரியாவின் சியோல் நகரில் அரங்கேறியது. நான்கே நடிகர்கள், பிரபலமான திரைப்படக் கதையும் இல்லை. இரண்டு ரோபோக்களின் காதல். எந்தச் சந்தைக் கணக்கிலும் அது முதலில் நின்றிருக்காது.

நம் நாட்டுக்கு வந்ததையும் சொல்ல வேண்டும். மும்பையில் நீதா முகேஷ் அம்பானி கலாசார மையத்தில் 2023ல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' நடந்தது. 1958 டோனியில் 'தி மியூசிக் மேன்' நாடகத்திடம் தோற்ற படைப்பு அது. அதே வருஷம் அங்கே வந்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்', 1960ல் 'ஃபியோரெல்லோ' என்ற நாடகத்தோடு விருதைச் சமமாகப் பகிர்ந்துகொண்டது. 'ஃபியோரெல்லோ' என்ற பெயரையாவது நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நம்ம ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2004ல் பிராட்வேயில் தொடங்கி 284 காட்சிகளோடு முடிந்தது. மூன்று பரிந்துரைகள், விருது இல்லை. ஆனாலும் 2006ல் அமெரிக்க ஊர்களில் பயணம் செய்தது.

கணிப்பு விளையாட்டு இருந்துவிட்டுப் போகட்டும். அதில் தப்பில்லை. அது விமரிசனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் நஷ்டம். ஒரு பாட்டு மனசைத் தொட்டதா என்று கேட்க வேண்டிய ரசிகன், அது ஓஹையோ மாநிலத்துச் சந்தாதாரருக்குப் பிடிக்குமா என்று கவலைப்படுகிறான். இதற்குள்ளே ஓர் ஏளனமும் ஒளிந்திருக்கிறது. தலைநகரத்துக்காரனுக்கு நுட்பம் புரியும், வெளியூர்க்காரனுக்குப் பளபளப்புப் போதும் என்ற எண்ணம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு அந்த ஏளனம் பழக்கமானதுதான். சென்னையிலிருந்து வரும் குழுக்களில் சில, "வெளியூர் ஜனங்களுக்கு இது போதும்" என்று நகைச்சுவைத் துணுக்குகளைக் கோத்துக் கொண்டுவந்து ஆடிவிட்டுப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். கனமான நாடகம் வந்தால் நாம் கடைசிவரை உட்கார்ந்து பார்த்திருக்கிறோம் என்பதும் உண்மை. வெளியூர் ரசனையைக் குறைத்து மதிப்பிட்டுக் கொள்முதல் செய்கிறவர் நல்ல வியாபாரியும் அல்ல.

ஆகவே நம் சங்கங்களின் விழாக்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவுக்கு நாடகம் தேர்ந்தெடுக்கும்போது, அது பரிசு வாங்கியதா, டிக்கெட் போகுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால், இது நம்ம பிள்ளைகள் பார்க்க வேண்டிய நாடகமா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.