சேற்றுப் பச்சையில் ஒரு புது இனம்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு நிற்கும். அவற்றின்மேல் வழவழவென்று படிந்திருக்கும் பச்சை, படகில் போகிறவர்களுக்கு வெறும் பாசி. சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால் இழை இழையாக நெளியும் சயனோபாக்டீரியா.

இவற்றை இனம் பிரிப்பது பொறுமையின் கலை. இழையின் அகலம் எத்தனை மைக்ரான்? நுனிச் செல் கூரா, மழுங்கலா? உறை நிறமற்றதா, பழுப்பா? காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் தடித்த சுவர்ச் செல் எந்த இடத்தில் இருக்கிறது? டி. வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’ என்னும் பெருநூல் இத்தகைய கேள்விகளால் ஆனது. ஆய்வாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

ஆனால் கண் ஏமாறும். உப்பு கூடினாலும் வெயில் குறைந்தாலும் ஒரே இனம் உருவம் மாற்றிக்கொள்ளும். ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு, உறவே இல்லாதவையாக இருக்கலாம். எனவே தனியே பிரித்து வளர்த்து, இனங்களை ஒப்பிட உதவும் ‘16எஸ்’ என்னும் மரபணுவையும் படிக்கிறார்கள். தெரிந்த இனங்களோடு ஒற்றுமை 98.7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், புது இனமாக இருக்கலாம் என்று நிமிர்ந்து உட்காரலாம்.

அதன் பிறகும் விளக்கம் எழுதி, மாதிரியைப் பாதுகாப்பகத்தில் வைத்தால்தான் பெயர் செல்லும். கண்ணும் மரபணுவும் ஒரே சாட்சி சொல்லும்வரை அவசரப்படாத அந்த நிதானமே இக்கலையின் அழகு.