பதிலுக்குப் பதில்: வெரோனிகா மார்ஸின் காதலும் கிண்டலும்

'வெரோனிகா மார்ஸ்' தொடரின் துப்பறியும் நாயகி வெரோனிகாவுக்கு யார் பொருத்தம் என்பது இருபது ஆண்டுகளாகத் தீராத வழக்கு. லோகன் கட்சி பெரிது. பிஸ் கட்சி சிறியது, ஆனால் பிடிவாதமானது. லியோவுக்கு எப்போதும் கொஞ்சம் அனுதாப ஓட்டு உண்டு. டங்கனுக்காக வாதாடுகிறவர்கள் அருகிவிட்டார்கள். அழகு, குணம், விசுவாசம், செய்த துரோகங்கள் என்று சாட்சிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. தொடர் தனக்கென்று வைத்திருக்கும் அளவுகோல் இவற்றில் எதுவும் இல்லை. வெரோனிகா ஒரு கிண்டலை எடுத்து வீசினால் எதிரில் நிற்பவன் அதை என்ன செய்கிறான் என்பதுதான் அது. 2004 செப்டம்பர் 22 அன்று யூபிஎன்னில் தொடங்கி, 2007 மே மாதம் சிடபிள்யூவில் முடிந்த 64 எபிசோடுகளிலும் காதலும் நகைச்சுவையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒன்று வாடிய இடத்தில் மற்றதும் வாடியிருக்கிறது.

அளவுகோலை நாட்டியவர் காதலர் எவரும் இல்லை, அப்பா கீத். என்ரிகோ கொலன்டோனி 'ஜஸ்ட் ஷூட் மீ!' நகைச்சுவைத் தொடரில் ஏழு சீசன் நடித்துவிட்டு வந்தவர். எந்த இடத்தில் அரை நொடி தாமதித்தால் சிரிப்பு வரும் என்பது அவருக்குப் பழகிய கணக்கு. ஷெரிஃப் வேலை போய், மனைவி வீட்டை விட்டுப் போய், ஊரே கைகொட்டிச் சிரித்த பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் மிஞ்சியது இந்தப் பேச்சு மட்டுமே. கையில் கொஞ்சம் காசு புரண்ட நாளில், நாம் எட்டிப்பிடிக்க ஆசைப்படும் கீழ்நடுத்தர வர்க்கத்தைப் போல இன்று சாப்பிடலாம் என்று கீத் அறிவிப்பது வெறும் வேடிக்கை இல்லை. வறுமையை வீட்டுக்குள் நுழையவிடாமல் வாசலிலேயே நிறுத்திவைக்கும் வழி அது.

இதே கீத் பெருமையடித்துக்கொள்ளும்போதெல்லாம் "யார் உன் அப்பா?" என்று மார்தட்டுவதும், அந்த வசனம் தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று மகள் முகம் சுளிப்பதும் முதல் சீசனின் நிரந்தரச் சிரிப்பு. கீத் தன்னைப் பெற்ற அப்பாதானா என்ற சந்தேகம் வெரோனிகாவின் தலைக்கு மேல் தொங்குவதும் அதே சீசனில்தான். பரிசோதனை முடிவு கைக்கு வந்தபின் அதைப் பிரித்துப் பார்க்காமலே கிழிக்கும் இயந்திரத்தில் போட்டுவிடுகிறாள். அந்தக் காட்சிக்குப் பிறகு பழைய வசனத்தைக் கேட்டு முன்போல் சிரிக்க முடிவதில்லை. ஒரு கேலியை முதலில் சும்மா விட்டு, பிறகு அதற்குள் கத்தி இருந்ததைக் காட்டும் இந்த எழுத்துமுறைதான் தொடரை உருவாக்கிய ராப் தாமஸ் குழுவின் தனிச்சொத்து.

இந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு முன்னால் டங்கன் கேன் எடுபடாமல் போனதில் வியப்பில்லை. டெடி டன் மோசமான நடிகர் என்று சொல்வது அநியாயம். மருந்தின் மயக்கத்திலும் துக்கத்திலும் அமிழ்ந்த ஒருவனை எழுதிக்கொடுத்தார்கள், அவர் அதை அப்படியே செய்தார். ஆனால் வெரோனிகாவின் கிண்டல் டங்கனிடம் போய் விழுந்தால் திரும்பி வருவதில்லை. அவன் புன்னகைக்கிறான், அவ்வளவுதான். இருவரையும் வைத்து எழுதப்பட்டதில் மிகச் சிறந்த எபிசோடு, அவன் விடைபெறும் இரண்டாம் சீசனின் 'டோனட் ரன்'. பிரிந்ததாகப் பள்ளி முழுக்க நடித்து, கீத்தையே ஏமாற்றி, போட்டித் துப்பறிவாளர் வின்னி வான் லோவைக் கூட்டுச் சேர்த்து, அவன் குழந்தையோடு அவனைத் தப்பவிடும் அந்தத் திட்டத்தில்தான் டங்கனுக்குச் சற்று உயிர் வருகிறது. போகிற நேரத்தில்.

லியோவின் கதை சின்னது, இனிமையானது. மேக்ஸ் கிரீன்ஃபீல்ட் பின்னாளில் 'நியூ கேர்ள்' தொடரின் ஷ்மிட்டாகப் பெரும்புகழ் பெறுவதற்கு முன்பே, இந்தத் துணை ஷெரிஃப் வேடத்தில் அந்தத் தாளத்தைக் காட்டியிருக்கிறார். சாட்சிப் பொருள் அறைக்குள் நுழையத்தான் அவள் குழைகிறாள் என்று தெரிந்த பிறகும், அவமானப்பட்டவனாக இல்லாமல் ஒரு வரி பதில் சொல்லும் பெருந்தன்மை அவனிடம் இருக்கிறது. அனுதாப ஓட்டு விழுவதற்கு அதுவே காரணம்.

லோகன் எக்கோல்ஸைப் பற்றித்தான் நின்று பேச வேண்டும். ஜேசன் டோரிங் முதலில் டங்கன் வேடத்துக்கும் டெடி டன் லோகன் வேடத்துக்கும் தேர்வுக்கு வந்தவர்கள். இடம் மாறிய அந்த முடிவுதான் தொடரைக் காப்பாற்றியது. முதல் எபிசோடில் லோகன் வில்லன். வெரோனிகாவின் கார் விளக்குகளை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளை. அந்த வன்மத்திலும் அவன் பேச்சு கூர்மையானது. டோரிங் நகைச்சுவை வசனத்தை உரக்கச் சொல்வதில்லை. தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, வாக்கியத்தின் கடைசியைப் பாதி விழுங்கிவிடுகிறார். வாய் சிரிக்கும், கண் சிரிக்காது. கேட்கிறவர் ஒரு கணம் கழித்தே அடி விழுந்ததை உணர்கிறார்.

'ரிட்டர்ன் ஆஃப் தி கேன்' எபிசோடில் இந்தச் சிரிப்புக்கு என்ன விலை என்று தெரிகிறது. வீடற்றவர்களைச் சண்டையிட வைத்துப் படம்பிடித்த மகனின் கெட்ட பெயரைத் துடைக்க, நடிகர் ஆரன் எக்கோல்ஸ் கேமராக்கள் சூழ அன்னதானக் கூடத்தில் பரிமாறுகிறார். அந்தக் கேமராக்களைப் பார்த்து, அப்பா ஐந்து லட்சம் டாலர் நன்கொடை தரப்போகிறார் என்று லோகன் அறிவித்துவிடுகிறான். ஆரனால் மறுக்க முடியவில்லை. பார்க்கிறவர் வாய்விட்டுச் சிரிக்கும் இடம் இது. அடுத்து வீட்டில், லோகன் அலமாரியைத் திறந்து வரிசையாகத் தொங்கும் பெல்ட்டுகளில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கிறான். எதைத் தேர்ந்தெடுத்தால் எப்படி வலிக்கும் என்று தெரிந்தவனின் நிதானம் அந்தக் கையில் இருக்கிறது. அடி விழப்போவது தெரிந்தே சொல்லப்பட்ட கேலி அது. வெரோனிகாவின் கேலிகளும் அந்த இனம்தான். இவர்கள் ஒருவருக்கொருவர் என்பது முத்தத்துக்குப் பன்னிரண்டு எபிசோடுகள் முன்பே இங்கே எழுதப்பட்டுவிட்டது.

நடுவில் இன்னொரு படி இருக்கிறது. 'ரஸ்கி பிசினஸ்' எபிசோடில், இறந்துபோன அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று நம்பி ஹோட்டலுக்கு வருகிறான் லோகன். வந்து நிற்பவள் அக்கா டிரினா. எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பவனுக்கு முதன்முறையாகச் சொல் கிடைக்கவில்லை. அழுகிறான், வெரோனிகா அணைத்துக்கொள்கிறாள். அவளும் எதுவும் சொல்லவில்லை.

பதினெட்டாவது எபிசோடான 'வெப்பன்ஸ் ஆஃப் கிளாஸ் டிஸ்ட்ரக்ஷன்' முத்தம் நடப்பது கேம்லாட் மோட்டலில். கள்ள உறவுகளைப் படம்பிடிக்க வெரோனிகா இரவெல்லாம் காத்துக்கிடக்கும் அதே மோட்டல். காதல் என்றாலே கடைசியில் இங்கே வந்துதான் முடியும் என்று அவள் நம்பும் இடம். அவளுக்கு ஆபத்து என்று நினைத்து ஓடி வந்தவனுக்கு நன்றியாக அவள் ஒரு சின்ன முத்தம் தந்து விலகுகிறாள், நகரப் பார்க்கிறாள், அவன் இழுத்துக்கொள்கிறான். அறைக்கு வெளியே, திறந்த நடைவழியில், பகல் வெளிச்சத்தில். வாயாடிகள் இருவருக்கும் அங்கே ஒரு வசனம்கூட இல்லை. பிறகு அவள் விடுவிடுவென்று படியிறங்கிப் போகும்போது கிறிஸ்டன் பெல்லின் முகத்தில் இருப்பது பூரிப்பு இல்லை, திகைப்பு. பதின்பருவத் தொடர்களின் முத்தக் காட்சிகளில் இதற்கு இணையாக வேறொன்றை ஒத்துக்கொள்வது கடினம்.

லோகன் கட்சிக்காரர்களே பெரிதும் கொண்டாடுவது வேறு காட்சி: இரண்டாம் சீசனில், 'லுக் ஹூஸ் ஸ்டாக்கிங்' எபிசோடின் மாற்று நடன விருந்தில், போதையில் லோகன் தங்கள் கதையைக் காவியம் என்று வர்ணிப்பது. அந்த உரைக்கு அதன் தகுதிக்கு மேல் புகழ் சேர்ந்துவிட்டது. காலம், கண்டங்கள், ரத்தம் என்று அடுக்கிப் பேசுவது லோகனின் பாணியே அல்ல. காதல் இவ்வளவு கடினமாகத்தான் இருக்க வேண்டுமா என்று வெரோனிகா கேட்பதுதான் அங்கே கூர்மையான பேச்சு. மறுநாள் காலைக் காட்சி அதைவிடச் சிறந்தது. மனம் மாறி அவள் அவன் அறைக் கதவைத் தட்டுகிறாள். சொன்ன எதுவும் அவனுக்கு நினைவில் இல்லை. உள்ளே வேறொரு பெண், கெண்டல், இருக்கிறாள். வெரோனிகா சட்டென்று ஒரு கேலிக்குள் ஒளிந்துகொண்டு திரும்பிவிடுகிறாள். சிரிப்பைக் கவசமாக அணிவது எப்படி என்று அந்த ஒரு நிமிடத்தில் பார்க்கலாம்.

லோகனின் செல்போன் வரவேற்புக் குரலையும் விட்டுவிட முடியாது. அழைக்கிறவருக்கு அன்றைய நல்வாக்கு என்று ஒரு மேற்கோளைப் பக்திமானைப் போல வாசித்து வைத்திருப்பான். கதைக்கு எந்தத் தேவையும் இல்லாத ஐந்து விநாடி. எழுத்தாளர்கள் பாத்திரத்தை எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாம் சீசனில் வந்த பிஸ் நல்லவன். கிறிஸ் லோவெல் அவனைக் கண்ணியமாகவே நடித்தார். வெரோனிகாவுக்கு அமைதி தரக்கூடியவன் அவன்தான், லோகனோடு வாழ்வது எரிமலையில் குடியிருப்பது என்ற பிஸ் கட்சியின் வாதத்தில் உண்மை இருக்கிறது. வாழ்க்கைக்கு அது சரியான யோசனைதான். ஆனால் பிஸ் அவள் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிக்கிறான். பார்வையாளர் செய்வதும் அதுவே. சிரிக்கத் தெரிந்தவன் வேறு, திருப்பித் தரத் தெரிந்தவன் வேறு. அந்தச் சீசனில் சேனல் தொடரை எளிமையாக்கப் பார்த்ததும், கடைசி ஐந்து எபிசோடுகள் ஒற்றை மர்மங்களாகச் சுருங்கியதும், காதல் முக்கோணமாகத் தட்டையானதும் ஒன்றாகவே நடந்தன. வழக்கறிஞர் கிளிஃப் மெக்கார்மக்கும் வின்னியும் வரும் காட்சிகளில் மட்டும் பழைய காரம் இருந்தது. லோகனின் நண்பன் டிக் கசாபிளாங்காஸை ரயான் ஹேன்சன் பிரமாதமாகச் செய்தார் என்பதில் தகராறு இல்லை. ஆனால் முதல் சீசனில் வெரோனிகாவுக்கு நேர்ந்த கொடுமையில் டிக்கின் பங்கு தெரிந்தபின் அவனைச் செல்லக் கோமாளியாக வைத்திருந்தது தொடரின் சறுக்கல்.

பின்னால் வந்த பதின்பருவத் துப்பறியும் தொடர்கள் கிண்டலை மட்டும் எடுத்துக்கொண்டன. 2017-இல் தொடங்கிய 'ரிவர்டேல்', 2019-இல் தொடங்கிய சிடபிள்யூவின் 'நான்சி ட்ரூ' இரண்டிலும் எல்லோரும் ஒரே வாயால் பேசுகிறார்கள். வெரோனிகாவின் ஊரான நெப்டியூனில் அப்படியில்லை. தோழன் வாலஸின் கேலி அலுத்துக்கொள்ளும், தோழி மேக்கின் கேலி முணுமுணுக்கும், பைக் கும்பல் தலைவன் வீவிலின் கேலி மிரட்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பேசுவது யார் என்று தெரிந்துவிடும்.

தொடரைத் திரைப்படமாக்க 2013 மார்ச் 13 அன்று கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் கேட்ட இருபது லட்சம் டாலர் பதினொரு மணி நேரத்துக்குள் சேர்ந்தது. இறுதியில் 91,585 பேர் தந்தது 57 லட்சம். அடுத்த ஆண்டு வந்த படம் அந்த அன்புக்குக் கைம்மாறு. வெள்ளைக் கடற்படைச் சீருடையில் லோகன், நியூயார்க்கில் கைவிடப்பட்ட பிஸ். வழக்குப் போட்டவர்களுக்கே தீர்ப்பையும் எழுதிக்கொடுத்தார்கள். சுவையான படம்தான், கொஞ்சம் இனிப்புக் கூடிவிட்டது.

2019 ஜூலையில் ஹூலுவில் வந்த நான்காம் சீசன் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. திருமணம் முடிந்த கையோடு கார் குண்டில் லோகன் சாகிறான். காதலன் வீட்டில் காத்திருக்கும் வரை துப்பறியும் கதை முன்னே நகராது என்பது ராப் தாமஸ் வெளிப்படையாகச் சொன்ன நியாயம். மார்ஷ்மெல்லோக்கள் எனப்படும் ரசிகர்களின் கோபம் இன்னும் அடங்கவில்லை. உண்மையில் அந்தச் சீசன் லோகனைக் குண்டு வெடிப்பதற்கு முன்பே இழந்துவிட்டது. மனநல ஆலோசனைக்குப் போய் நிதானமானவனாகிவிட்ட அவனிடம் கேலி குறைந்துவிட்டது. அவனைச் சீண்டிச் சீண்டி, அவன் சமையலறை அலமாரியில் குத்தும் அளவுக்குக் கோபப்பட்ட பிறகுதான் வெரோனிகா மலர்கிறாள். பழைய எதிர்வாய் போய்விட்டதன் ஏக்கம் அது. ஒருவன் குணமடைந்த பிறகும் வேடிக்கையாகப் பேசலாம், அதை எழுதிப் பார்க்க எழுத்தாளர்கள் முயலவே இல்லை. ஆலோசகருக்கு அவன் விட்டுச்சென்ற குரல்பதிவைக் கடைசியில் வெரோனிகா கேட்கிறாள். அதில் உருக்கம் இருக்கிறது. அன்றைய நல்வாக்கு வாசித்த பையனின் குறும்பு துளியும் இல்லை.

அந்த எட்டு எபிசோடுகளில் அளவுகோலுக்கு நிற்பவை அப்பாவும் மகளும் பேசும் காட்சிகள் மட்டுமே. கீத்துக்கு நினைவு தவறுகிறது. ஒரு சொல் பிடிபடாமல் அவர் நிற்கும்போது, அடுத்த கேலியை வீசுவதா வேண்டாமா என்று வெரோனிகா தயங்குவது நான்காம் சீசனின் மிக நுட்பமான நடிப்பு. மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துக்கொள்ளாததே காரணம் என்று தெரிந்து கீத் மீள்கிறார். அவர் மீண்ட பிறகு அவள் ஊரை விட்டுத் தனியே கிளம்புகிறாள், பதில் சொல்ல ஆளில்லாத காரில். அவளை அப்படித் தனியாக வைத்து எழுதும் ஐந்தாம் சீசன் இதுவரை வரவில்லை.