ஸ்கோர் கேட்பார்கள், கருத்துக் கேட்பதில்லை

2025 நவம்பர் 2 அன்று, நள்ளிரவையொட்டி, நவி மும்பையில் இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று முதன்முறையாக உலகக்கோப்பையைக் கைப்பற்றியது. மறுநாள் காலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் உள்ள டீக்கடையில் அதுதான் பேச்சு. “ஷஃபாலி அப்படியே சேவாக் மாதிரிப்பா” என்றார் ஒருவர். “இன்னா இருந்தாலும் லேடீஸ் மேட்ச்ல பவுண்டரி கிட்டக்கதானே இருக்குது” என்றார் இன்னொருவர். பார்சல் டீக்கு நின்றிருந்த என் கையில் போனைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, தீப்தி எத்தினி விக்கெட்டு?” என்று கேட்டார்கள். ஐந்து என்றேன். அரைச்சதமும் அடித்தாரே என்று தொடங்குவதற்குள் பேச்சு என்னைத் தாண்டிப் போய்விட்டது.

இந்தக் காட்சி எனக்குப் புதிதல்ல. பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்த நாட்களில் அம்மா அடுப்படியில் ரேடியோ வைத்துக் கேட்பாள். அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையில்தான் அவள் கிரிக்கெட் கற்றாள். வெளியிலிருந்து வரும் ஆண்கள் அவளிடம் ஸ்கோர் கேட்பார்கள். பதிலை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போய் அவர்களுக்குள் விவாதிப்பார்கள். எந்தப் பந்து வீச்சாளரை எப்போது கொண்டுவந்திருக்க வேண்டும் என்று அம்மாவுக்கும் ஒரு கருத்து இருந்தது. அதை அடுப்பிடம்தான் சொல்லுவாள். தகவல் தரப் பெண் போதும், மதிப்பிட ஆண் வேண்டும் என்ற பங்கீடு அந்தத் திண்ணையோடு முடியவில்லை. கிரிக்கெட்டைப் பற்றி எழுதுகிறவர்களின் மொழியிலும் அது இருக்கிறது.

2010 பிப்ரவரி 24 அன்று குவாலியரில் சச்சின் 200 அடித்தபோது, ஒருநாள் கிரிக்கெட் வரலாற்றின் முதல் இரட்டைச் சதம் என்று செய்திகள் கொண்டாடின. ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் டென்மார்க்குக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 229 அடித்தது 1997 டிசம்பர் 16 அன்று. அதுவும் நம் மும்பையில், உலகக்கோப்பைப் போட்டி ஒன்றில். உலகக்கோப்பை என்ற ஏற்பாட்டையே பெண்கள்தான் முதலில் தொடங்கினார்கள். அவர்களுடையது 1973-லும் ஆண்களுடையது 1975-லும் நடந்தன. சச்சினின் சாதனை இதனால் குறைந்துவிடாது. ஆனால் ‘ஆண்கள் கிரிக்கெட்டில்’ என்று ஒரு சொல்லைச் சேர்க்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை? பெண்கள் ஆடினால் ‘மகளிர் கிரிக்கெட்’, ஆண்கள் ஆடினால் வெறும் ‘கிரிக்கெட்’. அடைமொழி இல்லாதவர்களுக்கு வரலாறு முழுவதும் சொந்தமாகிவிடுகிறது.

டீக்கடையில் கேட்ட ‘சேவாக் மாதிரி’யும் இதே கணக்குத்தான். அது பாராட்டுத்தான், சொன்னவருக்குக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் அந்த அளவுகோல் ஒரு பக்கமாக மட்டுமே நீள்கிறது. ஆண் ஒருவரைப் பார்த்து ‘மிதாலி மாதிரி ஆடுறான்’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 2017 உலகக்கோப்பைக்கு முன் மிதாலி ராஜிடம், உங்களுக்குப் பிடித்த ஆண் வீரர் யார் என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டார். இதே கேள்வியை ஆண் வீரரிடம் கேட்பீர்களா என்று மிதாலி திருப்பிக் கேட்டார். அந்தப் பதில் உலகம் முழுக்கச் சுற்றியது. அப்படிச் சுற்றியதே, கேள்வி எவ்வளவு பழகிப்போன ஒன்று என்பதைக் காட்டியது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். உலகக்கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி. 2013-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அடித்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் மைசூரில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் 430 பந்துகளைச் சந்தித்து 192 எடுத்தார். தமிழ்நாட்டு டீக்கடைகளில் அஸ்வினைப் பற்றி எவ்வளவு பேசியிருப்போம், இவரைப் பற்றி எவ்வளவு பேசினோம்? அதைவிடக் கொடுமை, அந்த டெஸ்டுக்குப் பிறகு இந்தியப் பெண்கள் அடுத்த டெஸ்டை ஆடியது 2021 ஜூனில், பிரிஸ்டலில். இடையில் ஆறரை ஆண்டுகள்.

2022 அக்டோபரில் ‘சம ஊதியம்’ என்று தலைப்புச் செய்திகள் வந்தபோது இந்த இடைவெளியைச் சேர்த்துப் படித்திருக்க வேண்டும். டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம் என்று ஆட்டக் கட்டணத்தை வாரியம் இருபாலருக்கும் சமமாக்கியது. நல்ல முடிவு, வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் அப்போது ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்ச வரம்பு 7 கோடி, பெண்களுடையது 50 லட்சம். மேலும் ஆட்டக் கட்டணம் என்பது ஆடினால் கிடைப்பது. ஆட்டமே வைக்காவிட்டால் 15 லட்சம் என்பது காகிதத்தில் உள்ள எண்தான்.

சினிமா இந்தப் பேச்சை மாற்றியிருக்கிறதா? அருண்ராஜா காமராஜின் ‘கனா’ (2018) ஒரு கிராமத்துப் பெண்ணை மைதானத்தின் நடுவில் நிறுத்தியது. ஐஸ்வர்யா ராஜேஷின் கௌசல்யாவைப் பார்த்துவிட்டு மட்டையைத் தூக்கிய சிறுமிகள் இருப்பார்கள். அந்த நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன். கௌசல்யா ஏன் ஆடுகிறாள்? இந்தியா தோற்றபோது அழுத அப்பாவைச் சிரிக்கவைக்க. கடைசியில் அவள் வெற்றி விவசாயிகளின் துயரைச் சொல்லும் மேடையாகிறது. அந்தத் துயரம் உண்மையானது, பேசப்பட வேண்டியதும்கூட. ஆனால் வெங்கட் பிரபுவின் ‘சென்னை 600028’ (2007) பையன்கள் யார் கண்ணீரைத் துடைக்க ஆடினார்கள்? ஆடப் பிடித்தது, ஆடினார்கள். பெண் ஆடுவதற்கு மட்டும் அப்பா, குடும்பம், ஊர், நாடு என்று ஏதாவது ஒரு காரணம் கேட்கிறோம். தியாகம் என்ற முத்திரை இல்லாமல் அவளுடைய விளையாட்டு நமக்குச் செல்லுபடியாவதில்லை.

தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’ (2024) வேறொரு பக்கத்தைத் திறந்தது. ஸ்வாசிகா நடித்த யசோதை, கணவன் ஆடப்போவதை வெறுப்பவள். பழைய படமாக இருந்தால் அவளை முசுடு என்று சிரித்துக் கடந்திருப்பார்கள். இந்தப் படம் அவள் கோபத்துக்கு எடை கொடுக்கிறது. ஒருவர் நாளெல்லாம் மைதானத்தில் நிற்க முடிகிறதென்றால், வீட்டில் இன்னொருவர் அந்த நேரத்தை ஈடுகட்டுகிறார் என்பதே அந்தக் கோபத்தின் பொருள்.

வேங்கிக்காலில் சாயங்காலம் காலி மனைகளில் பையன்கள் ஆடுகிறார்கள். அதே நேரத்தில் அவர்களுடைய அக்கா தங்கைகள் தண்ணீர் பிடிக்கிறார்கள், பாத்திரம் துலக்குகிறார்கள், டியூஷனுக்குப் போகிறார்கள். திறமை இருக்கிறதா என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான் வருகிறது. காரணம் சொல்லாமல் வீணாக்க ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைக்கிறதா என்பதே முதல் கேள்வி.

இந்தத் தொகுப்பைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை யாராவது உங்களிடம் ஸ்கோர் கேட்டால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அங்கேயே நின்று, ஆட்டம் எங்கே திரும்பியது என்று நீங்கள் நினைப்பதையும் சொல்லுங்கள். தப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை. டீக்கடையில் கிரிக்கெட் பேசுகிறவர்கள் எல்லாம் சரியாகவா பேசுகிறார்கள்?