பேனலுக்கு அடியில்

சிட்னியின் வென்ட்வேர்த்வில் தெருக்களில் நடக்கும்போது என் கண் கூரைகளுக்கே போகும். பழைய ஓட்டுக் கூரை, புதுத் தகரக் கூரை, இரண்டின் மேலும் கறுத்த சோலார் பேனல்கள். ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய மூன்று வீட்டுக்கு ஒன்றில் அவை வந்துவிட்டன. கீழே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி. நல்ல கை எது, அவசரக் கை எது என்று அறிய ஏணியில் ஏறி, பேனலுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முதலில் மாட்டியவர்கள் காலையில் வந்து மதியமே போய்விட்டார்கள். அடுத்த பெருமழையில் கூடத்துச் சீலிங்கில் ஈரம். சரிசெய்ய வந்தது இரண்டே பேர் நடத்தும் சின்ன நிறுவனம்: யாழ்ப்பாணத்து எலக்ட்ரீஷியன் ஒருவரும் அவர் மருமகனும். அன்று முழுக்க அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனலைத் தாங்கும் கொக்கியைக் கைமரத்தில் முடுக்கி, அதன்மேல் ஓட்டைத் திரும்ப வைத்தால் ஓடு சற்றுத் தூக்கி நிற்கும். ஓட்டின் அடிப்பக்கத்தில் கொக்கியின் அகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்டினால்தான் அது படியும். முன்பு வந்தவர்கள் அதை வெட்டவில்லை. அந்த இடுக்கில்தான் தண்ணீர் இறங்கியிருந்தது. மருமகன் ஒவ்வோர் ஓடாக எடுத்து, அரைத்து, வைத்துப் பார்த்து, மறுபடி அரைத்தார். தச்சன் பொருத்து வெட்டும் நிதானம் அது.

ஒயர்கள் ஓட்டில் கிடந்தன. காற்றில் உரசி அவற்றின் தோல் தேயும்; பிளாஸ்டிக் கட்டு வெயிலில் நொறுங்கும். எலக்ட்ரீஷியன் எவர்சில்வர் கிளிப்பால் அவற்றைச் சட்டத்தோடு சேர்த்தார். பிளக்குகள் ஒரே கம்பெனி ஜோடிதானா என்று பார்த்தார். கலந்து மாட்டினாலும் பொருந்தும், ஆனால் நாளடைவில் சூடேறும். சுவிட்சுப் பெட்டிக்குக் குழாயை அடியிலிருந்து நுழைத்தார். கூரையில் இருக்கும் பெட்டிக்குள் மழை புகுந்து தீப்பிடித்த வீடுகள் இந்நாட்டில் உண்டு.

மேற்குச் சிட்னி வெயில் லேசானதல்ல. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 பாகை. சூடு ஏற ஏறப் பேனலின் விளைச்சல் குறையும் என்பதால் அடியில் காற்று ஓட இடம் விட்டார். இன்வெர்ட்டரைத் தெற்குச் சுவருக்கு மாற்றினார். சூரியன் வடக்கே சாயும் இந்த ஊரில் அதுதான் நிழல் சுவர்.

உலகெங்கும் பரவிய பெர்க் (PERC) வகைச் சோலார் செல் இதே சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழுவின் கையில் உருவானது. 2023-ல் அவருக்கும் கூட உழைத்த மூவருக்கும் ராணி எலிசபெத் பொறியியல் பரிசு கிடைத்தது. அத்தனை அறிவும் வீடு வந்து சேர ஓட்டின் அடியில் விரலளவு பள்ளமும் வேண்டியிருக்கிறது.

எங்கள் எலக்ட்ரீஷியன் வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி: “அண்ணை, பகலிலை வீட்டிலை ஆர் இருக்கினம்?” யாருமில்லை, சமையலும் ஏசியும் மாலையில்தான். புதுப் பேனல் விற்றிருக்கலாம். அவரோ இருந்தவற்றில் நான்கை மாலை வெயில் படும் மேற்குக் கூரைக்கு நகர்த்தினார். இந்த மாநிலம் 2010-ல் கூரை மின்சாரத்தை யூனிட்டுக்கு 60 சென்ட் கொடுத்து வாங்கிய காலம் போயாச்சு. இப்போது வெளியே விற்பதைவிட நாமே செலவழிப்பதுதான் லாபம். ஹரிஷ் ஹாண்டே 1995-ல் நிறுவனர்களில் ஒருவராக நின்று தொடங்கிய செல்கோ என்ற சோலார் நிறுவனமும் இப்படித்தான், கர்நாடகத்து ஏழை வீடுகளில் பிழைப்பையும் வருமானத்தையும் கேட்டறிந்து அதற்கேற்ற விளக்கைக் கொடுத்தது.

பொழுது சாயும் நேரம் ஏணியை மடிப்பார்கள் என்று நினைத்தேன். மருமகன் ஒரு வாளியோடு திரும்ப ஏறி, தாழ்வாரக் குழாயில் விழுந்திருந்த ஓட்டுத் துண்டுகளைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார்.