பழையது மருந்தாகுமா?

புதுச்சேரியில் சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள செல்லிப்பட்டில் வயல் வேலைக்குப் போகிறவர்கள் பழைய சோற்றையும் சின்ன வெங்காயத்தையும் பசிக்காகத்தான் சாப்பிட்டு வந்தார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை குடல் நோயாளிகளுக்குப் பழைய சோற்றைக் கொடுத்து ஆராய முன்வந்த செய்திக்குப் பிறகு அதற்குப் புது மவுசு. வயிறு பிசைந்து, காலையில் நாலு முறை கழிப்பறைக்கு ஓடி, எல்லாப் பரிசோதனையும் முடித்து "ஒன்றுமில்லை" என்று வீடு திரும்பும் எரிச்சல் குடல் நோயாளியிடம், "ரெண்டு மாசம் பழையது குடிங்க, சரியாப் போயிடும்" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. இரவெல்லாம் ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகுகிறது. நீராகாரம் புளிப்பது அதனால்தான். சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறி, பெருங்குடல் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. செலவும் கிடையாது. மெடிக்கலில் விற்கும், உயிருள்ள பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை கூலிக்காரர் கையைக் கடிக்கும்.

ஆனால் மாத்திரையில் இன்ன பாக்டீரியா இத்தனை கோடி என்று கணக்கு உண்டு. பானையில் என்ன வளர்ந்தது என்பது அரிசி, தண்ணீர், வெயிலைப் பொறுத்தது. மாத்திரைக்கே தீர்ப்பு ஒன்றாக இல்லை: 2021இல் அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் அமைப்பான ஏ.சி.ஜி., எரிச்சல் குடலுக்குப் புரோபயாடிக் வேண்டாம் என்றது, அதே ஆண்டு பிரிட்டன் வல்லுநர்கள், 12 வாரம் வரை பார்க்கலாம், பலனில்லையேல் நிறுத்திவிடுங்கள் என்றார்கள். எனக்குப் பிரிட்டன் யோசனைதான் நியாயமாகப் படுகிறது, நிறுத்தும் நாளையும் சேர்த்துச் சொல்வதால். இட்லியைப் புரோபயாடிக் என்பது மட்டும் வேடிக்கை. புளித்த மாவிலுள்ள உயிர்கள் ஆவியிலேயே செத்துவிடும்.

எரிச்சல் குடலுக்குச் சொல்லப்படும் இன்னொரு யோசனை நார்ச்சத்து. அதில்தான் குழப்பம் அதிகம். "நார் சேர்த்துக்கொள்" என்றதும் தவிடும் கீரையும் முளைகட்டிய பயறும் தட்டில் ஏறிவிடுகின்றன. நெதர்லாந்தில் 275 நோயாளிகளை வைத்து நடந்து 2009இல் வெளியான ஆய்வில், நாளைக்கு 10 கிராம் இசப்கோல் சாப்பிட்டவர்களுக்குத் தொல்லை குறைந்தது. கோதுமைத் தவிடு சாப்பிட்டவர்களில் பலர் உபாதை கூடிப்போய் நடுவிலேயே விலகினார்கள். இசப்கோல் போல நீரில் கொழகொழவென்று ஊறும் நார் மலத்தை இளக்கிப் பதப்படுத்துகிறது, மெதுவாகவே புளிக்கிறது. முரட்டுத் தவிடு குடலை உறுத்துகிறது. மொச்சை, காராமணி, பூண்டு, வெங்காயம் சட்டென்று புளித்து வாயுவை உண்டாக்கும். பழையதுக்குக் கடித்துக்கொள்ளும் அந்தச் சின்ன வெங்காயமே சிலருக்கு வில்லன்! பழையதைக் குறை சொல்லுமுன் ஒரு வாரம் வெங்காயத்தை விட்டுப் பார்க்கலாம்.

இசப்கோலையும் எடுத்த எடுப்பில் அள்ளிப் போடக் கூடாது. 3 அல்லது 4 கிராமில் தொடங்கி, பெரிய டம்ளர் தண்ணீரோடு குடித்து, வாரக்கணக்கில் மெல்லக் கூட்ட வேண்டும். முதல் சில நாள் வயிறு உப்புவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

இதெல்லாம் எரிச்சல் குடல் என்று உறுதியானவர்களுக்கு. மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, ரத்தசோகை, விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தால் கதை வேறு. நம் நாட்டில் குடல் காசநோயும் இப்படி வரும். அப்படி இருந்தால் பானையைப் பார்க்காதீர்கள், புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய் மருத்துவரைப் பாருங்கள்.